சிவப்பு மேப்பிளுக்குக் கீழே

“தோண்டுங்க சார். உள்ளேதான் இருக்கணும்.”

மொட்டை மாடியில் தொட்டிமரச் சங்கச் செயலாளர் கை நீட்டிய இடத்தில் ஓர் அகலமான மரத்தொட்டி இருந்தது. ஓர் ஆளை மடக்கி உட்கார வைக்கலாம். அதில் மார்பளவு உயரத்துக்கு ஒரு ஜப்பானிய மேப்பிள். லேஸ் துணியை நறுக்கித் தொங்கவிட்ட மாதிரி இலைகள். அத்தனையும் ரத்தச் சிவப்பு.

அந்த நிறம் இன்ஸ்பெக்டருக்குப் பிடித்திருந்தது. ஒன்பது வருட சர்வீஸில் அவர் பிடித்ததெல்லாம் சைக்கிள் திருடர்கள்தான். ஒரே ஒரு கொலை கிடைத்தால் போதும், பேப்பரில் போட்டோ வரும்.

“தொட்டியில வெச்ச குச்சிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு செயலாளர்! ஊர்ல வேற வேலையே இல்ல. சரி, சொல்லுங்க.”

செயலாளர் அவமானத்தை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். “இந்த வீட்டுக்காரர் சம்சாரத்தைப் பத்து நாளா காணோம் சார். போன் அணைஞ்சு கிடக்கு. தொட்டியில மேல் மண்ணைப் பாருங்க, புத்தம் புதுசு. இந்த மரத்துக்கு மண் மாத்தணும்னா குளிர்ல, இலையெல்லாம் கொட்டினப்புறம்தான் மாத்தணும். இலை இருக்கறப்ப வேர்ல கை வெச்சா மரம் தேறாது. எங்க சங்கத்துல நேத்து சேர்ந்தவனுக்கே அது தெரியும். இருபத்தாறு வருஷமா வளர்க்கிறவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கிளறியிருக்கார்னா...”

முடிக்காமல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எனக்கு உயிர் நண்பன் சார். மனசு கேக்கல. அதான் வந்து சொல்லிட்டேன்.”

அந்த உயிர் நண்பர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். பூவாளியைப் பிடித்துக்கொண்டு, பந்தைத் தடுக்க நிற்கிற கோல் கீப்பர் மாதிரி தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

“சம்சாரம் எங்கேய்யா?”

“கோவிச்சுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா சார்.”

“எந்த அக்கா?”

வாத்தியார் விழித்தார். “மொத்தம் நாலு பேர் சார்...”

“அட்ரஸ்? போன் நம்பர்?”

“அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.”

மண்வெட்டியோடு கூட வந்திருந்த காவலர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். “எதுக்குச் சண்டை?”

“மத்தியான வெயில்ல இலை ஓரம் கருகுது சார். படுக்கையறைத் திரையைக் கழட்டி மரத்துக்கு நிழல் கட்டினேன். அது புதுத்திரைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஏன்யா, கொழுந்தியா வீடு தெரியாது. இதுல எத்தனை கிளைன்னு கேட்டா மட்டும் சொல்லுவே போலிருக்கே!”

“நாப்பத்தொண்ணு சார்.”

“தோண்டுங்கய்யா!”

வாத்தியார் பூவாளியைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், மேல ரெண்டு விரல்கடை மண்ணுதான் போட்டேன், பாசி பதிக்கறதுக்கு. வேரைத் தொடவே இல்ல. தோண்டினா செத்துடும் சார்!”

“ஏற்கெனவே செத்தாச்சுன்னுதானே புகாரே!”

சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார். இப்படி நடுங்குகிறவன் நிரபராதியாக இருக்க முடியாது என்பது அவர் கணிப்பு. சைக்கிள் திருடர்களும் இப்படித்தான் நடுங்குவார்கள்.

மண்வெட்டி இறங்கியது. பிறகு கடப்பாரை. தலைமுடி மாதிரி பின்னிக்கிடந்த வேர்கள் கொத்துக்கொத்தாக அறுந்தன. எதிர் மாடிகளில் கூட்டம் கூடி, ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது.

“ஓரத்துல கொத்தினா போதாது சார்,” என்றார் செயலாளர் தழுதழுத்த குரலில். “நடு வேருக்கு அடியில பாருங்க.”

நடு வேரையும் அறுத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் தொட்டி காலி. கிடைத்தது இரண்டு மண்புழு. மேப்பிள் உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தது. சிவப்பு இலைகள் அதற்குள்ளேயே சுருள ஆரம்பித்திருந்தன.

இன்ஸ்பெக்டரின் முகமும்தான். “என்னய்யா இது?” என்று செயலாளரைப் பார்த்து உறுமினார்.

“நல்லவேளை சார்! என் சந்தேகம் பொய்யாப் போனதுல எனக்குத்தான் முதல் சந்தோஷம்.”

வாத்தியார் தரையில் உட்கார்ந்து, தன் சட்டையைக் கழற்றி நனைத்து வேரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “நாளன்னிக்குக் கண்காட்சி சார். அதுக்குத்தான் பாசி. ஆறு வருஷமா இதுக்குத்தான் முதல் பரிசு, ரெண்டாவது நம்ம செயலாளர் மரத்துக்கு. இனிமே இது பிழைக்காது சார்.”

“பரிசாம் பரிசு! போய் வேற குச்சி வாங்கி நட்டு வைய்யா. பொண்டாட்டி ஓடிப்போனதுக்கு அழாம...”

படியில் தடதடவென்று சத்தம். மூச்சிரைக்க வந்து நின்றவள் வாத்தியாரின் மனைவி.

“என்ன கூத்து இது? அக்கா போன்ல வீடியோவைப் பாத்துட்டு அப்படியே ஓடி வரேன். என்னை இந்த மனுஷன் வெட்டிப் புதைச்சுட்டாரா? இவருக்கு ஒரு வெங்காயம் நறுக்கத் தெரியுமா?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பானார். “நீங்க செஞ்சது தப்பும்மா. போனையும் அணைச்சு வெச்சுட்டு, எங்கே போறோம்னு யார்கிட்டயும் சொல்லாம போனா, நாங்க என்னன்னு நினைக்கிறது?”

“யாருக்கும் தெரியாதா?” என்றாள் அவள், சத்தமில்லாமல் படியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த செயலாளரைக் காட்டி. “‘பதினஞ்சு நாள் போனைத் தொடாதே தங்கச்சி, அப்பதான் அவனுக்குப் புத்தி வரும்’னு சொல்லி, தன் கார்லயே ஏத்திக்கிட்டுப் போய் என்னை அக்கா வீட்டு வாசல்ல இறக்கிவிட்டது இந்த அண்ணன்தானே?”