திறக்காத உறைபெட்டி

காலை வெயில் ஆய்வுக்கூடத் தரையில் கிடக்கிறது. உறைபெட்டிக்கு அடியிலிருந்து வழிந்த தண்ணீர் அதில் பளபளக்கிறது. உயிரியல் ஆய்வு மாணவி கைப்பிடியைப் பற்றியபடி நிற்கிறாள், திறக்கவில்லை. உள்ளே, காரணம் தெரியாமல் இறந்துபோன குழந்தைகளின் ரத்தம் சின்னச் சின்னக் குப்பிகளில் இருக்கிறது. இன்னொரு முறை எடுக்க முடியாது. அதே அறையில் வேலை செய்யும் சமூகவியல் மாணவன் அதன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். "பேட்டி பதியறப்ப இது இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. கொஞ்ச நேரம்னு நேத்து சாயங்காலம் புடுங்கினேன். மறந்துட்டேன்." "அலாரம் கத்தியிருக்குமே?" "அதையும் அமத்திட்டேன்." "பேட்டியாவது நல்லா வந்துச்சா, ராசா?" "திறந்து பாருங்கக்கா. ஒருவேளை ஒண்ணும் ஆகியிருக்காது." "வாய மூடு." கதவின் ரப்பர் விளிம்பில் துளிப் பனியும் இல்லை. கைப்பிடி அதிர்கிறது. மோட்டார் நின்று ஓர் இரவு முழுக்க ஆகிவிட்டது. அதிர்வது அவள் கைதான்.