வேட்பாளர் வீட்டுப் பலகாரம்

தட்டை மூடிய துணியின் நுனியைச் சொருகிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

எதிர் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றார் கணவர். வராந்தாவிலிருந்து. திரும்பிப் பார்க்காமலே.

மற்ற வீடுகளுக்கெல்லாம் போய்விட்டது. அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, ஒரு துண்டு கேக். மிச்சம் இருப்பது இந்த ஒரு தட்டு.

எதிர் வீட்டில் மேபல் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும் வருஷா வருஷம் இவளுடைய முதல் தட்டு மேபலுக்கு. மேபலின் முதல் தட்டு இவளுக்கு.

இந்த வருஷம் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நாளை மறுநாள் வாக்குப்பதிவு. இவளும் மேபலும் எதிரெதிராக நிற்கிறார்கள்.

நிற்பது சுவரொட்டியில்.

அதில் அவள் கை கூப்பியிருந்தாள். புடவை நாத்தனாருடையது. பக்கத்தில் கணவரின் படம், அவளைவிடப் பெரிதாக. எதிர்ச் சுவரில் மேபலுக்கும் அப்படித்தான்.

காலையிலிருந்து தெருவில் தட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டுத் தட்டு எந்த வாசலில் நுழைகிறதோ, அந்த வீட்டு வாக்கு அங்கே. இரண்டு வராந்தாவிலும் இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கோயில்பிச்சை வாத்தியார் வீட்டுத் தட்டு இரண்டு வாசலிலும் நுழைந்தது. அதைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. எந்தத் தட்டில் முந்திரிக்கொத்து கூடுதல் என்று விசாரிக்க ஓர் ஆள் போனார்.

வந்தவர்கள் அவளிடம் பண்டிகை வாழ்த்துச் சொன்னார்கள். வாக்கைப் பற்றிக் கணவரிடம் பேசினார்கள்.

சென்னையில் எந்தத் தலைவர் தேறுவார், டெல்லியில் யார் கவிழ்வார், எல்லாவற்றிலும் அவர்களுக்குக் கருத்து இருந்தது. அவளைப் பற்றியும் இருந்தது. அவள் டீ டம்ளர்களை நீட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சொன்னார்.

"மயினிக்கு என்ன தெரியணும்? அதான் அண்ணாச்சி இருக்காவல்லா."

அவளுக்கு ஒன்று தெரியும்.

இந்தத் தெருவுக்குத் தண்ணீர் ராத்திரி பதினோரு மணிக்கு வருகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெண்கள் குடத்தின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்து தூங்குகிறார்கள். அதைச் சாயங்காலத்துக்கு மாற்ற, மோட்டார் போடுகிறவரிடம் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நோட்டீசில் முதல் வரியாக அதைப் போடச் சொன்னாள்.

கணவர் சிரித்தார். இதெல்லாம் ஒரு வாக்குறுதியா என்றார். நோட்டீசில் சமுதாய நலக்கூடம் வந்தது. வரவேற்பு வளைவு வந்தது.

அவளுடைய வாக்கு யாருக்கு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. வேட்பாளரிடம் யார் கேட்பார்கள்?

அவள் தட்டை எடுத்தாள்.

பின்வாசல் இருந்தது. முன்வாசல் வழியாகவே இறங்கினாள்.

கணவர் பேச்சை நிறுத்தினார். எதிர் வராந்தாவில் ஒருவன் சீட்டியடித்தான்.

மேபல் அடுக்களையில் பிரியாணிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள். ஈரக்கையைப் புதுப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். பார்வை மட்டும் முன்னறைப் பக்கம் போய் வந்தது.

மேபல் சரி என்றால் தன் வாக்கு மேபலுக்கு. தெருவில் இறங்கும்போதே அவள் தீர்மானித்திருந்தாள்.

"நீ ஜெயிச்சா தண்ணிய சாயங்காலமே தெறந்துவிடச் சொல்லுவியாட்டி?"

மேபல் வாயைத் திறந்தாள். அவளும் குடத்தோடு உட்காருகிறவள்தான். சொல்ல வந்தது உதடு வரை வந்துவிட்டது.

முன்னறையில் அவள் கணவர் எதற்கோ உரக்கச் சிரித்தார்.

"அவியட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன், மயினி."

கோபம் வந்தது. மேபல் மேல் என்றுதான் முதலில் நினைத்தாள். இதே கேள்வியை மேபல் திருப்பிக் கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். அதன் பிறகு அந்தக் கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கணவர் படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தி, மேபல் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள், என்றாள் இவள்.

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. முகம் மெல்ல மாறியது. திட்ட வந்தவர் வராந்தாவுக்குத் திரும்பினார். அந்த வீட்டு வாக்கே ஆட்டம் கண்டிருக்கிறது என்று ஆட்களிடம் அறிவித்தார். ஒருவர் தொடையில் தட்டினார். இன்னொருவர் கணக்கில் இரண்டைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார்.

"தலைவரம்மா, இந்தச் சந்தோஷத்துல எல்லாருக்கும் இன்னொரு டீ."

ஒரு குடத்தில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதுவும் பாதிக்குக் கீழே. டம்ளரால் மொண்டு மொண்டு பாத்திரத்தில் ஊற்றினாள். கடைசி டம்ளருக்குக் குடத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது.

அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

பாத்திரத்தைத் தூக்கி, தண்ணீரைத் திரும்பவும் குடத்திலேயே ஊற்றினாள். மெதுவாக. வெளியே சிந்தாமல்.

பிறகு வராந்தாக் கதவருகே வந்து நின்றாள். புடவையைச் சரிசெய்துகொள்ளவில்லை. கையும் கூப்பவில்லை.

"ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தண்ணி வரும். அதுக்குப் பொறவு டீ போடுதேன். எல்லாரும் இருந்து குடிச்சிட்டுப் போங்க."

கணவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் அங்கேயே நின்றாள்.

யாரோ மணி என்ன என்று கேட்டார்கள்.