மறதி வாசல்

காவல் நிலையத்தில் தன் மகனின் செவிப்பறை கிழியும்படி அறைந்த ஆய்வாளர்மீது சொர்ணவல்லி வழக்குத் தொடுத்திருந்தாள். அவர் இதற்கு முன்பும் யாரையேனும் அடித்திருக்கிறாரா என்பது அவருடைய பணிக்கோப்பில் இருக்கும். நீதிமன்றப் படிப்பறையில் உள்ள திரையில் அதை அவள் படிக்கலாம்; ஆனால் பணிக்கோப்பு ரகசியம் என்பதால், அறையின் வாசலைக் கடந்ததுமே உள்ளே நடந்தவை அனைத்தும் நினைவிலிருந்து அகற்றப்பட்டுவிடும். வழக்கைத் தொடர்வதா, சமரசத்துக்கு இணங்குவதா என்பதையோ வெளியே வந்த பின்னர்தான் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “உள்ள என்னதான் இருந்துச்சு, வக்கீலய்யா?”

உடன் படித்துவிட்டு வந்த வழக்கறிஞர் தேவசகாயம் எரிச்சலுடன் கைகளை விரித்தார். “என்னையக் கேட்டா? எனக்கும்தானம்மா அழிச்சிட்டானுவ.”

“பொறவு எதுக்குப் படிக்கச் சொல்லுதானுவ?”

“படிக்க உரிமை உண்டாம். ஞாபகம் வச்சுக்கத்தான் கிடையாதாம். அதுல ஒண்ணுமே இல்லன்னா நாம தோத்துருவோம். பேசாம சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவோம்மா.”

அவள் பதில் சொல்வதற்குள் படிப்பறையின் கதவு திறந்தது. நீதிமன்றப் பணியாளர் ஒருவர் வாசலைத் தாண்டாமல் உள்ளே நின்றபடியே, முகத்தைச் சுளித்து ஒற்றைச் செருப்பை நீட்டினார்.

“இது உங்களுதா பாருங்க. இன்ஸ்பெக்டர் படத்து மேல எறிஞ்சு, திரையே கீறிப்போச்சு. கோர்ட்டும்மா இது!”

அப்போதுதான் சொர்ணவல்லி குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். செருப்பை வாங்கி நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

“நான் சும்மா செருப்ப எறியுதவ இல்ல, வக்கீலய்யா. கேஸு நடக்கட்டும்.”