சட்டி எடுத்த கை

"கம்பெனியில சுட்டுக்கிட்டதுக்கெல்லாம் இங்கன மருந்து கிடையாது! அம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுத்தவுகளுக்கு மட்டுந்தான். வழியை மறிக்காம பின்னால போங்க!"

கொட்டகை வாசலில் நின்று சண்முகவேல் கத்திக்கொண்டிருந்தார். சட்டையில் தொண்டர் பட்டை குத்தியிருந்தது. மற்ற நாட்களில் அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்.

உள்ளே நர்ஸ் ஞானபூரணிக்கு விடியற்காலையிலிருந்து நின்று கால் மரத்துப் போயிருந்தது. விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்காகச் சுகாதார சேவா சங்கம் போட்ட கொட்டகை அது. ஒரு மூலையில் அம்மை குத்தும் மேசை. அம்மன் கொடையன்று அம்மை குத்திக்கொள்ள யார் வருவார்? அங்கே ஈ ஆடியது. காசநோய்ப் படங்களை ஆடுகள் மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போயின. கூட்டமெல்லாம் இவளுடைய தீப்புண் பெஞ்சில்தான்.

சேலைத் தலைப்பில் வலது கையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"நர்ஸம்மா, கொஞ்சம் மருந்து போட்டு விடுங்க."

"யாரு, கருப்பம்மாளா?" என்று சண்முகவேல் குறுக்கே வந்தார். "தாயில்பட்டியில இருந்து இதுக்குன்னே பஸ் ஏறி வந்தியாக்கும்? கம்பெனி டாக்டர்ட்ட போக வேண்டியதுதான?"

"அங்கன போனா பேரை எழுதிருவாக. பேரு ஏறுனா கவனமில்லாதவனு நிப்பாட்டிருவாக. ஒங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. பின்னால போ."

ஞானபூரணி வாசலுக்கு வந்து தலைப்பை விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. நகக்கண்ணெல்லாம் மத்தாப்பு மருந்து வெள்ளியாக மினுங்கியது.

"அண்ணாச்சி, இப்படியே விட்டா சீழ் வச்சிரும். அப்புறம் விரலை மடக்க முடியாது."

"நோட்டுல 'எதனால'னு ஒரு கட்டம் இருக்குல்ல சிஸ்டர், அதுல என்ன எழுதுவீக? சங்கத் தலைவரே எங்க மொதலாளிதான். பொழுது சாயுறதுக்குள்ள வந்து நோட்டைப் பாப்பாக."

எதிரே மோர்ப் பந்தலில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஞானபூரணி பேனாவைப் பார்த்தாள். அவள் வேதக்கோயில் உபதேசியார் மகள். நோட்டில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. அவள் யோசித்து முடிப்பதற்குள் கருப்பம்மாள் போய்விட்டாள்.

"ஒங்க கையில ஒரு தடவை தீப்பட்டாத்தான் அண்ணாச்சி தெரியும்" என்றாள் ஞானபூரணி.

சண்முகவேல், "வெத்தலை போட்டுட்டு வாரேன்" என்று கொட்டகைக்குப் பின்னால் போனார்.

கொஞ்ச நேரத்தில் கருப்பம்மாள் திரும்பி வந்தாள். இப்போது மஞ்சள் சேலை. தலையில் ஈரம், கழுத்தில் வேப்பிலை மாலை, இடுப்பில் ஒரு மண்சட்டி.

"சட்டி எடுத்தேம்மா" என்றாள், தரையைப் பார்த்து.

"அப்படிச் சொல்லு! ஏப்பா, சட்டி எடுத்தவுகளுக்கு வழி விடுங்க!" சண்முகவேலின் குரல் மோர்ப் பந்தல் வரைக்கும் கேட்டது.

ஞானபூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு விரல் களிம்புக்காக, கை வெந்தவளை வேஷம் கட்ட வைத்துவிட்டானே! ஆனாலும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். நோட்டில் 'அக்கினிச் சட்டி' என்று கிறுக்கிவிட்டுச் சட்டென்று நோட்டை மூடினாள்.

அடுத்து பஞ்சம்மாள் என்று ஒருத்தி வந்தாள். அவளும் மஞ்சள் சேலை, அவளிடமும் சட்டி. புண் முழங்கையில் இருந்தது.

"முழங்கையிலயா சட்டி எடுத்தீக?"

பஞ்சம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடினாள். ஞானபூரணியும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாவதாக ஒரு சின்னப் பெண். சேலை அவளுக்குப் பெரிதாக இருந்தது. முன்கையில் காயம். அவள் பெஞ்சில் வைத்த சட்டியை ஞானபூரணி உற்றுப் பார்த்தாள். விளிம்பில் பிறை மாதிரி ஓர் உடைசல். முதல் இரண்டு பேர் கொண்டுவந்த சட்டியிலும் அதே இடத்தில் அதே உடைசல்.

சட்டிக்குள் கையை விட்டாள். ஜில்லென்றிருந்தது. பொட்டுக் கரி இல்லை.

"இது யாரு குடுத்தது?"

அந்தப் பெண் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"போர்மேன் அண்ணாச்சி. பின்னால மறைப்புக் கட்டி, அவுக வீட்டம்மாதான் சேலை கட்டி விடுறாக. இன்னும் ஏழெட்டுப் பேரு நிக்காக. வெளிய சொல்லிராதீகம்மா. மொதலாளிக்குத் தெரிஞ்சா அவுக வேலையும் போயிரும்."

வாசலில் சண்முகவேல் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். "கம்பெனிக் காயம்னா இங்கன வராத! பின்னால போ, பின்னால!"

மோர்ப் பந்தலில் முதலாளி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கொட்டகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

ஞானபூரணி நோட்டை இழுத்து, 'அக்கினிச் சட்டி' என்று மணிமணியாக எழுதினாள். முதலாளி பார்க்கட்டும் என்று நோட்டைத் திறந்தபடியே வைத்தாள்.

அந்தப் பெண்ணின் முன்கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஊசி கொதிக்க வைக்கும் கரி அடுப்பிலிருந்து இடுக்கியால் நாலு தீக்கங்கு எடுத்து அந்தச் சட்டிக்குள் போட்டாள்.

"பின்னால கொண்டு போயி அவுக வீட்டம்மாட்டக் குடு. சட்டின்னா சூடு இருக்க வேண்டாமா?"