இடுப்பில் செருகிய துணி

"இடுப்புல செருகியிருக்கியே, அதை எடுத்து மேஜை மேல வை."

மேட்ரன் குரலை உயர்த்தவில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல்தான் எப்போதும் பேசுவாள். முத்தம்மா இடுப்பைக் கையால் மூடிக்கொண்டாள்.

லஸ் பக்கத்து நர்சிங் ஹோமில் அவள் சேர்ந்து ஐந்து மாதம். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆனால் ஸ்டவ் வெடித்து வந்தவர்களின் தீக்காயக் கட்டைப் பிரிக்கும்போது, அவர்கள் போடும் அலறலில் அவள் கை உதறும். அந்த வார்டில் எல்லா நர்சுக்கும் அந்தப் பாடுதான். அதனால் மேட்ரன் தினமும் காலையில் ஒவ்வொருத்தி கைக்குட்டையிலும் ஒரு சொட்டு லாவண்டர் தைலம் விட்டுக் கொடுப்பாள். படபடப்பு வந்தால் ஒதுங்கி நின்று மோந்துகொள்ள வேண்டும். வாசனைக்கு மனசை அமர்த்தத் தெரியும் என்பாள். டாக்டர்கள் சிரித்தார்கள். நர்சுகள் தேறினார்கள்.

முத்தம்மாவுக்கு லாவண்டர் தலைவலிதான் கொடுத்தது. ஆனாலும் இரண்டு வாரமாக அவள் கை உதறவில்லை.

"அவ திரைக்குப் பின்னாடி போய் மோந்துக்கறது நீங்க குடுத்தது இல்லே மேடம்," என்று போட்டுக் கொடுத்தாள் சீனியர் நர்ஸ் ஜெயபாரதி. "மயக்க மருந்தா இருக்கும். போதாததுக்கு வராந்தா பூனை வேற அவ பின்னாடியே சுத்துது."

மேட்ரன் ஜெயபாரதியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

முத்தம்மா எடுத்து வைத்தது உப்புப் பூத்த ஒரு கந்தல் துண்டு.

"மயக்க மருந்து இல்லீங்க மேடம். எங்கம்மா மீன் விக்கிறாங்க. கூடைக்கு அடியில தலையில வெக்கிற சும்மாடு, அதுலருந்து கொஞ்சம் கிழிச்சிக்கினு வந்தேன். மோந்தா எங்கம்மா பக்கத்துல கீற மாதிரி இருக்கும். கை நிக்கும்." அவள் கைகூப்பினாள். "வேலைய விட்டு எடுத்துடாதீங்க."

ஆஸ்பத்திரிக்குள் மீன் வாடை. மன்னிக்க மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நீளமாக, இரண்டு தரம். பிறகு இழுப்பறை திறந்தது.

லாவண்டர் புட்டிகளுக்கு அடியிலிருந்து மேட்ரன் எடுத்து வைத்ததும் ஒரு சும்மாடுதான். பழசு, வெளுத்துப் போனது.

"எங்கம்மாதுல வாசனை போயி ரொம்ப வருசம் ஆய்டுச்சி முத்தம்மா. வார்டுக்குள்ள எடுத்துக்கினு போவாத, இங்க வந்து மோந்துக்கோ. அடுத்த மாசம் பர்மனென்ட் ஆர்டர் வாங்க வர்றப்போ, உங்கம்மாவாண்ட சொல்லி எனக்கும் ஒரு துண்டு கிழிச்சாந்துடு."