உறையின் பட்டன்

“பாய், இந்தப் பட்டன் தொட்டதும் தொறக்கோணும்,” என்று சப்-இன்ஸ்பெக்டர் தன் ரிவால்வர் உறையை நீட்டினார்.

ஏற்காடு கடைவீதியில் தோல் பையும் செருப்பும் தைக்கும் சையத் இப்ராஹிம் மூடியை இழுத்துப் பார்த்தார். பித்தளைப் பட்டன் கெட்டியாகத்தான் இருந்தது.

“நல்லாத்தானுங்க இருக்குது. தளர்த்துனா பக்கத்துல உக்காந்திருக்கறவன்கூட துப்பாக்கிய உருவிருவானுங்க.”

“சொன்னதச் செய்யுங்க.”

செய்து கொடுத்தார்.

மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. கூலி உயர்வு கேட்டு எஸ்டேட் ஆட்களைத் திரட்டிய குழந்தைவேல் என்பவனைப் போலீஸ் கைது செய்து ஜீப்பில் கூட்டிக்கொண்டுபோனதாம். மஞ்சக்குட்டை வளைவில் அவன் எஸ்.ஐ.யின் துப்பாக்கியை உருவினானாம். இழுபறியில் குண்டு பாய்ந்து செத்துப்போனான். தைக்கக் கொடுத்திருந்த அவன் செருப்பு இப்ராஹிமின் கடையிலேயே கிடந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி உறையின் பட்டனைத் தொட்டார். திறந்துகொண்டது. பழி செத்தவன் மேலேயே விழுந்தது.

அந்த வாரமே எஸ்.ஐ. மறுபடி கடைக்கு வந்தார். இப்ராஹிமுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவன் சாவுக்கு நாந்தானுங்க காரணம். உருவிருவான்னு தெரிஞ்சும் தளர்த்திக் குடுத்துட்டேனுங்க.”

“அட, விடுங்க பாய்,” என்று எஸ்.ஐ. உறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “பழையபடி இறுக்கிக் குடுங்க. நெசமாவே எவனாச்சும் உருவிட்டான்னா?”