பேச்சியம்மாவின் பேச்சு

"வ... வ... வ..."

மைக் முன்னால் நின்ற பேச்சியம்மாவுக்கு வணக்கம் வரவில்லை. டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மைதானத்தில், முன்னால் நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். பேச்சியம்மான்னு பேரு, பேச்சத்தான் காணோம் என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது.

கட்சி அமைப்பாளர் செல்லசாமி எழுந்து வந்து மைக்கை வாங்கினார். சிரித்தவர்களைக் கண்டித்தார். பேச்சு வராத தொழிலாளிக்கும் இந்தக் கட்சியில்தான் இடம் உண்டு என்றார். கைதட்டல் எழுந்தது.

பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்தாள். நாற்பது வயதுவரை அவளுக்காக யாரும் இப்படி எழுந்து நின்றதில்லை.

பிரதேச சபைத் தேர்தலுக்குப் பெண் வேட்பாளர் தேடி செல்லசாமி முதலில் தோட்டத்துக்கு வந்தபோது, முன்பள்ளி ஆசிரியை ஜெயந்தினியும் வந்திருந்தாள். சிங்களமும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு அவளுக்கு. அமைப்பாளரிடமே நிறையக் கேள்வி கேட்டாள். பேச்சியம்மாவோ தன் பெயரைச் சொல்லி முடிக்கவே திண்டாடிப்போனாள். செல்லசாமி பொறுமையாகக் காத்திருந்து, புன்னகையோடு பேச்சியம்மாவைத்தான் தேர்ந்தெடுத்தார்.

அந்த மனிதரைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். சொல்வதற்கும் அவளிடம் விஷயம் இருந்தது. போன மழையில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. வீட்டுச் சுவரில் கை நுழையுமளவு பிளவு. மழை வலுத்தால் மகள் தனுஷிகாவைக் கூட்டிக்கொண்டு கோயிலில்தான் போய்ப் படுத்தாள்.

கொழுந்து பறிக்கும்போது மட்டும் வார்த்தை தட்டாமல் வருவதை அவள் கவனித்திருந்தாள். கை போகும் வேகத்தில் நாக்கும் கூடவே போனது. அதனால் தேயிலைச் செடிகளையே கூட்டமாக நினைத்துப் பேசிப் பழகினாள். பக்கத்தில் பறித்தவர்கள் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசிக் கூட்டத்தில் அவளாகவே மைக்கைக் கேட்டு வாங்கினாள். ஒரு கை விரல்கள் சேலை மடிப்பைக் கொழுந்தாக நினைத்துக் கிள்ளிக்கொண்டே இருந்தன.

"எங்க லயத்துக்கு மேல மலை வெடிச்சு நிக்குது. வேற எடத்துல வீடு கட்டித் தாறோம்னு போன தடவயும் நம்ம கட்சிதான் சொல்லுச்சு. நான் சபைக்குப் போனா, மொதல்ல நம்ம ஆளுங்ககிட்டதான் அதக் கேப்பேன்."

ஒரு சொல்கூட இடறவில்லை. சிரித்த இளவட்டங்களே விசிலடித்தார்கள். பேச்சியம்மா பெருமையோடு செல்லசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் முடிந்தது. பெண்களுக்கான ஆசனம் ஒன்று கட்சிக்குக் கிடைத்தது. அதில் யாரை உட்கார வைப்பது என்பது கட்சியின் விருப்பம்.

ஹட்டனில் கட்சி அலுவலகத்தில் மாலை விழுந்தது நிலக்ஷியின் கழுத்தில். எல்லா மேடையிலும் ஏறி, கும்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்த இன்னொரு வேட்பாளர் அவள்.

கூட்டம் கலையும்வரை பேச்சியம்மா வாசலில் காத்து நின்றாள். செல்லசாமி வெளியே வந்தார். பழகிவைத்த சொற்களெல்லாம் அந்த நேரம் பார்த்து அவளைக் கைவிட்டன.

"எ... எனக்கு தி... திக்குதுன்னுதானே என்னை வி... விட்டுட்டீங்க, தலைவரே?"

செல்லசாமி நின்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

"இல்லம்மா. அன்னைக்கு நீங்க திக்காமப் பேசிட்டீங்களே."